வயித்துக்குள்ள இருக்கிறவன் எந்த ஊர்க்காரன்?

ஹாஸ்டல்ல இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். மெஸ் சாம்பாரா, ராத்திரி ரோட்டுக்கடை பரோட்டாவா, எதுன்னு தெரியாது. என் ரூம்மேட்டுக்குப் பத்து நாளா வயிறு சரியில்லை. கடைசியில ஒரு லேபுக்குப் போய் மோஷன் டெஸ்ட் கொடுத்தான். ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி: பிளாஸ்டோசிஸ்டிஸ் ஹோமினிஸ் இருக்கிறது.

அடுத்த அரை மணி நேரம் நாலு பேரும் போனும் கையுமா உட்கார்ந்தோம். ஒரு பக்கம் "ஆபத்தான ஒட்டுண்ணி"ன்னு போட்டிருந்தான். இன்னொரு பக்கம் "உலகத்துல கோடிக்கணக்கான பேர் வயித்துல இருக்கு, கண்டுக்காதீங்க"ன்னு போட்டிருந்தான். டாக்டர்கிட்ட போகச் சொன்னதைக் கேக்காம, அவன் மெடிக்கல்ல மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டுக்கிட்டான். அஞ்சு நாள் வாயெல்லாம் கசப்பு. வயிறு சரியாச்சு. மாத்திரையாலயா, தானாவே சரியாச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அவன் அப்போ கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "இது எனக்கு எங்கிருந்துடா வந்துச்சு?"

சும்மா கேட்ட கேள்வி மாதிரி இருக்கும். ஆனா பதில் தேடிப் போனா, அது வயித்துல ஆரம்பிச்சு வரைபடத்துல போய் நிக்குது. அந்த வரைபடத்துல எங்க ஊர் காரைக்கால் எந்தப் பெயர்ல இருக்குன்னு பார்த்தப்பதான் எனக்குக் கோபம் வந்துச்சு.

முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்குவோம்

பிளாஸ்டோசிஸ்டிஸ் ஒரு புழு இல்லை. பாக்டீரியாவும் இல்லை. மனுஷக் குடல்ல வாழற உருண்டையான ஒற்றைச் செல் உயிர். வருஷா வருஷம் பள்ளியில சப்பிச் சாப்பிட்ட பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல், குடல் புழுவுக்கானது, இதுக்கானது இல்லை.

1912-ல எமில் புரூம்ப்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதுக்கு 'பிளாஸ்டோசிஸ்டிஸ் ஹோமினிஸ்'னு பேர் வெச்சார். அந்த வருஷம் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழேதான் இருந்துச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் இதை ஒரு ஈஸ்ட்டுன்னு நெனச்சு ஓரமா வெச்சிருந்தாங்க. 1996-ல மரபணு வரிசையைப் படிச்சப்பதான் இதோட சொந்தக்காரங்க யாருன்னு தெரிஞ்சுது: பழுப்புக் கடல்பாசி, டயாட்டம் இருக்கிற கூட்டம். குடல்ல இருக்கிற ஒரு ஜீவனுக்குக் கடல்பாசி பங்காளி!

நம்ம பக்கத்துலயும் இதைப் பற்றி எழுதியவங்க இருக்காங்க. புதுச்சேரி ஜிப்மரில் இருந்த ஒட்டுண்ணியியல் பேராசிரியர் எஸ்.சி. பரிஜா, 2013-ல 'டிராப்பிகல் பாரசைட்டாலஜி' இதழ்ல இதன் வகைப்பாடு, உயிரியல், நோய் உண்டாக்கும் திறன் மூணையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதியிருக்கார்.

இப்போ முக்கியமான விஷயம். மைக்ராஸ்கோப்ல பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி உருண்டை. டி.என்.ஏ.வைப் படிச்சா ஒண்ணு இல்லை, பல. சிறு ரைபோசோம் துணையலகு மரபணுன்னு ஒண்ணு இருக்கு. சுமார் 1,800 எழுத்து நீளம். அதுல ஒரு முனையில சுமார் 600 எழுத்தை மட்டும் படிச்சாலே பார்கோடு ஸ்கேன் பண்ற மாதிரி, இது எந்த வகைன்னு தெரிஞ்சிடும். 2007-ல ஆய்வாளர்கள் ஒண்ணா உட்கார்ந்து, இந்த வகைகளுக்கு சப்டைப் 1, சப்டைப் 2ன்னு எண் கொடுக்கிறதா முடிவு பண்ணாங்க. அப்போ ஒன்பது. இப்போ முப்பதுக்கும் மேல. மனுஷங்ககிட்ட கிடைக்கிறதுல பெரும்பாலானது 1-லிருந்து 4 வரைக்கும்தான்.

அதனால ரூம்மேட்டோட ரிப்போர்ட்ல இருந்த 'ஹோமினிஸ்' ஒரு பழைய லேபிள். உங்க இனிஷியல் இல்லாம, அப்பா பேர் இல்லாம, வெறும் 'குமார்'னு எழுதின மாதிரி.

வகைக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. சப்டைப் 3 உலகம் முழுக்கக் கிடைக்குது. சப்டைப் 6, 7 ரெண்டும் பறவைகள்கிட்ட இருந்து வர்றதா கருதறாங்க. சப்டைப் 5 பன்றிகள்கிட்ட அதிகம். சப்டைப் 8 குரங்கினங்கள்ல இருக்கும். பிரிட்டன்ல மிருகக்காட்சிசாலை ஊழியர்கள்கிட்டயும் கிடைச்சிருக்கு. அப்போ வகை தெரிஞ்சா, எந்த வழியா வந்திருக்கலாம்னு ஒரு துப்பு கிடைக்கும். கோழியா, மாடா, இன்னொரு மனுஷனோட கழிவு கலந்த தண்ணியா? "எங்கிருந்துடா வந்துச்சு?"ங்கிற கேள்விக்கு உண்மையான பதில் அங்கதான் ஆரம்பிக்குது.

ரொம்ப சுவாரசியமானது சப்டைப் 4. 2013-ல வந்த ஒரு ஆய்வு பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து, இது ஐரோப்பாவுல சகஜம், மத்த இடங்கள்ல அபூர்வம்னு சொல்லுச்சு. இதோட மாதிரிகளுக்குள்ள மரபணு வித்தியாசம் ரொம்பக் கம்மி. அதனால இது மனுஷக் குடலுக்குள்ள சமீபத்துல நுழைஞ்சு பரவினதா இருக்கலாம்னு ஒரு யூகமும் இருக்கு.

கேக்க நல்லா இருக்கு இல்ல? 'ஐரோப்பிய சப்டைப்'. ஒரு வரைபடம், ஒரு கலர், ஒரு பேர்.

ஆனா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, 2012-ல, மலாயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருந்த ஒரு குழு நேபாளக் கிராமங்கள்ல தேடினாங்க. அங்க ஆதிக்கம் செலுத்தினது சப்டைப் 4! ஐரோப்பா எங்க, நேபாள மலைக்கிராமம் எங்க? யாரோ ஒருத்தர் போய்த் தேடின ஒரு இடம் போதும், கண்டத்துக்கு அடிச்ச கலர் கலைஞ்சு போறதுக்கு.

இங்கதான் என்னோட வாதம். இந்த மாதிரி வரைபடங்கள்ல நாம பார்க்கிறது ஒட்டுண்ணி எங்க இருக்குங்கிறதை மட்டும் இல்லை. ஆய்வாளர் எங்க போனாருங்கிறதையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கக் கத்துக்கலைன்னா, நாம வரைபடத்தை நம்பி ஏமாறுவோம்.

ரெண்டு கணக்கு

நாம இன்ஜினியரிங் பசங்க. அதனால ரெண்டே ரெண்டு கணக்கு.

முதல் கணக்கு: ஒரு மாவட்டத்துல இந்த ஒட்டுண்ணி இருக்கிற 30 பேரைச் சோதிச்சு, ஒருத்தர்கிட்டகூட சப்டைப் 4 இல்லைன்னு வெச்சுக்குங்க. உடனே "இங்க சப்டைப் 4 இல்லை"ன்னு எழுதலாமா? புள்ளியியல்ல 'மூன்றின் விதி'ன்னு ஒண்ணு இருக்கு. பூஜ்யம் கிடைச்சா, 3-ஐ மாதிரி எண்ணிக்கையால வகுங்க. 3-ஐ 30-ஆல வகுத்தா 10 சதவீதம். அதாவது, அந்த 30 பேரைச் சரியான முறையில குலுக்கல்ல தேர்ந்தெடுத்திருந்தாலும், அவங்கள்ல பத்துல ஒருத்தர் வரைக்கும் சப்டைப் 4 இருக்க வாய்ப்பு இருக்கு. 'பார்க்கலை' வேற, 'இல்லை' வேற.

ரெண்டாவது கணக்கு: சப்டைப்பைக் கண்டுபிடிக்க ரொம்ப காலமா பல லேப்கள் பயன்படுத்தின பி.சி.ஆர். பிரைமர் தொகுப்பு ஒண்ணு இருக்கு. அதுல மொத்தம் ஏழு பிரைமர், சப்டைப் 1-லிருந்து 7 வரைக்கும். எட்டாவதும் பத்தாவதும் மாதிரியில இருந்தா? கண்ணுல படவே படாது. 1-லிருந்து 7 வரைக்கும் மட்டும் பட்டன் இருக்கிற லிப்ட்ல ஏறிட்டு, இந்தக் கட்டடத்துல எட்டாவது மாடியே இல்லைன்னு சொல்ற மாதிரி.

இந்தியாவுக்கு வருவோம். 2015-ல புனே ஆய்வாளர்கள் மேற்கு இந்தியாவுல ஆரோக்கியமா இருக்கிறவங்ககிட்ட தேடி, முக்கியமா சப்டைப் 1, 3 இருக்கிறதைச் சொன்னாங்க. நல்ல ஆய்வு. ஆனா உலக வரைபடத்துல அது 'இந்தியா'ன்னு ஒரு வட்டமா மாறிடும். அந்த வட்டத்துக்குள்ள காஷ்மீரும் இருக்கு, கன்னியாகுமரியும் இருக்கு, எங்க ஊர் கடற்கரையும் இருக்கு. புனேவுல இருக்கிறவங்க யாரும் எங்களைக் கேட்டுட்டு எங்க பேர்ல பதில் சொல்லலை. அவங்க மேல தப்பும் இல்லை. சுருக்கி எழுதறவங்க மேலதான் தப்பு.

காரைக்கால்: பேர்ல ஒண்ணு, தண்ணியில ஒண்ணு

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்காக: காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு மாவட்டம். ஆனா புதுச்சேரி நகரத்துல இருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. கிழக்கே கடல், மத்த மூணு பக்கமும் தமிழ்நாடு. திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு வந்தவங்க, தெரியாமலே ரெண்டு தடவை எல்லை தாண்டியிருப்பீங்க. பெட்ரோல் விலைப் பலகையைப் பார்த்தாதான் மாநிலம் மாறினது தெரியும்.

யூனியன் பிரதேசத்துல மொத்தம் நாலு துண்டு. புதுச்சேரி, காரைக்கால், கேரளக் கரையில மாஹே, ஆந்திராவுல கோதாவரிப் பக்கம் ஏனாம். மாஹே இருக்கிறது அரபிக்கடல். ஏனாம் இருக்கிறது கோதாவரி டெல்டா. காரைக்கால் இருக்கிறது காவிரி டெல்டாவின் கடைமடை. மூணு வேற வேற மாநிலங்களால சூழப்பட்ட, ரெண்டு கடல் பக்கம் சிதறின நாலு ஊருக்கு ஒரே லேபிள்: 'புதுச்சேரி'.

பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன கோடு இது. நிர்வாகத்துக்கு அது சரி. குடலுக்குச் சரியா?

என் ரூம்மேட் கும்பகோணத்துக்காரன். நான் காரைக்கால். அவன் ஊர் வழியா ஓடற அரசலாறுதான் எங்க ஊர்ல கடல்ல கலக்குது. மேட்டூர்ல திறக்கிற தண்ணி அவன் ஊர் வயலைப் பார்த்துட்டு, மிச்சம் மீதி எங்க ஊருக்கு வரும். மேல இருக்கிற எல்லா ஊர் வாய்க்காலும் கடைசியில எங்ககிட்டதான் வடியும். ஆனா ஒரு ஆய்வுல நாங்க ரெண்டு பேரும் மாதிரி கொடுத்தா, அவன் 'தமிழ்நாடு', நான் 'புதுச்சேரி'. ஒரே ரூம்ல, ஒரே ஆத்துக் கரைக்காரங்களான எங்களைப் பிரிச்சு, என்னைக் கொண்டுபோய் நான் பார்த்தே இராத மாஹேக்காரனோட சேர்த்து சராசரி எடுப்பாங்க. அந்தச் சராசரிக்கு என்ன அர்த்தம்?

இன்னொரு பக்கம் பாருங்க. எங்க ஊர்ல பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கு. 'சொல்தா' குடும்பம்னு சொல்வோம். பாரிஸ்ல இருந்து பெரியப்பா குடும்பம் லீவுக்கு வந்து ரெண்டு மாசம் தங்கிட்டுப் போகும். அப்போ 'ஐரோப்பிய' சப்டைப் எங்க தெருவுலயும் இருக்கலாமா? கேட்கத் தகுந்த கேள்வி. ஆனா 'புதுச்சேரி'ங்கிற ஒத்தைச் சொல்லுக்குள்ள அந்தக் கேள்வி தொலைஞ்சு போயிடும்.

"சும்மா ஒரு லேபிளுக்கு இவ்வளவு சீனா?"

இப்படித்தான் கிளாஸ்ல ஒருத்தன் கேட்டான். அவனுக்கு 2022 ஜூலையை ஞாபகப்படுத்தினேன்.

நான் அப்போ பள்ளியில படிச்சுக்கிட்டிருந்தேன். ஊர் முழுக்க வயித்துப்போக்கு. காலரான்னு உறுதியாச்சு. ஜூலை 3-ஆம் தேதி புதுச்சேரி சுகாதாரத் துறை காரைக்காலுக்குப் பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சுது. பள்ளி, கல்லூரிகளுக்கு மூணு நாள் லீவு. முதல் நாள் லீவுன்னு சந்தோஷப்பட்டேன். ரெண்டாம் நாள் எங்க அத்தைக்கு டிரிப்ஸ் ஏத்தினாங்க. அதோட சந்தோஷம் போச்சு. குடிதண்ணிக் குழாயில கழிவுநீர் கலந்ததுதான் ஊர் பூரா பேச்சு. கொதிக்க வெச்ச தண்ணி, உப்பு சர்க்கரைக் கரைசல், குளோரின் வாடை, இதுதான் அந்த வாரம்.

காலரா பாக்டீரியா, பிளாஸ்டோசிஸ்டிஸ் வேற உயிர். ஆனா ரெண்டும் வர்ற பாதை ஒண்ணு: மலத்துல இருந்து வாய்க்கு. காலரா சத்தம் போட்டு வரும், அவசரநிலை அறிவிப்பாங்க. பிளாஸ்டோசிஸ்டிஸ் சத்தம் போடாம உள்ள உட்காரும். அந்தப் பாதை திறந்திருக்கான்னு சத்தமில்லாத நாட்கள்லயும் சொல்லக்கூடிய சாட்சி அது. செனகல் ஆற்றுப் படுகையில 93 குழந்தைகளைச் சோதிச்சு, 93 பேர்கிட்டயும் இது இருந்ததா 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு. நூத்துக்கு நூறு. அது அந்தக் குழந்தைகளோட தப்பு இல்லை; அந்த ஊர் தண்ணியும் கழிப்பறை வசதியும் எப்படி இருக்குன்னு சொல்ற ரிப்போர்ட்.

வகையும் ஊரும் சேர்ந்து எவ்வளவு முக்கியம்ங்கிறதுக்கு நம்ம மாநிலமே ஒரு பாடம். 1992 கடைசியில சென்னையில காலரா மாதிரியே ஒரு நோய் பரவுச்சு. ஆனா அதுவரைக்கும் பெரிய அளவுல காலரா பரப்பின ஓ1 வகைக்கான சோதனையில அது சிக்கலை. தோண்டிப் பார்த்தா புது வகை: ஓ139. வங்கக்கடல் ஓரமாப் பரவினதால 'பெங்கால்'னு பேர் வந்துச்சு. பழைய காலராவுக்கு எதிர்ப்புசக்தி இருந்த பெரியவங்களையும் அது விடலை. "காலராதானே, வகை என்ன வேண்டிக்கிடக்கு?"ன்னு அன்னிக்கு லேப்ல இருந்தவங்க விட்டிருந்தா, அது புதுசுன்னே தெரிஞ்சிருக்காது.

வேலூர்லயும் நல்ல உதாரணம் இருக்கு. சி.எம்.சி. ஆய்வாளர்கள் அங்க எளிய குடியிருப்புகள்ல இருக்கிற குழந்தைகளைப் பிறந்ததுல இருந்து தொடர்ந்து பார்த்து, ஜியார்டியாங்கிற இன்னொரு குடல் ஒட்டுண்ணியோட வகைகளைப் பிரிச்சாங்க. அங்க அதிகம் இருந்தது 'பி' தொகுப்பு. 'இந்தியா'ன்னு இல்லாம, 'தமிழ்நாடு'ன்னுகூட இல்லாம, இந்த ஊர்ல, இந்தக் குடியிருப்புல, இந்த வயசுலன்னு சொல்ற ஆய்வு. அது வேலூர்ல முடியும்னா கடைமடையிலயும் முடியும்.

அப்போ ரூம்மேட் மாத்திரை போட்டது சரியா?

கேள்வி நியாயம். பிளாஸ்டோசிஸ்டிஸ் வில்லனா, வாடகைக்காரனாங்கிறதுல ஆய்வாளர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை. 2024-ல 'செல்' இதழ்ல 32 நாடுகளைச் சேர்ந்த 56,989 பேரோட தரவை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. இது குடல்ல இருக்கிறவங்களுக்கு உணவுப் பழக்கமும் இதய, வளர்சிதை மாற்ற அளவீடுகளும் சராசரியா நல்லா இருந்ததா அது சொல்லுது. அதுக்காக எல்லாருக்கும் நல்லதுன்னு அர்த்தம் இல்லை. சேர்ந்து இருக்கிறது வேற, காரணமா இருக்கிறது வேற. இன்னொரு பக்கம், சில வகைகளுக்கு வயித்துத் தொல்லையோட தொடர்பு இருக்குன்னு சொல்ற ஆய்வுகளும் வருது. எந்த வகை, எந்த ஊர், என்ன சாப்பாடுங்கிறது தெரியாம 'நல்லவனா கெட்டவனா'ன்னு கேக்கிறதுல பிரயோஜனம் இல்லை.

அதனால ரிப்போர்ட்ல இந்தப் பேரைப் பார்த்ததும் நேரா மெடிக்கலுக்கு ஓடாதீங்க. டாக்டர்கிட்ட போங்க. வயித்து வலிக்கு வேற காரணம் இருக்கான்னு அவர் பார்க்கணும். தேவையில்லாம போடற ஆன்டிபயாட்டிக் உங்க குடல்ல இருக்கிற நல்லதையும் சேர்த்துக் காலி பண்ணும்.

நாம என்ன பண்ணலாம்?

பெரிய பேச்சு வேண்டாம். நம்ம கைக்கு எட்டுற மூணு விஷயம்.

ஒண்ணு, பயோடெக், பயோஇன்பர்மேட்டிக்ஸ் புராஜெக்ட் பண்றவங்களுக்கு. மரபணு வரிசையைப் பொதுத் தரவுதளத்துல ஏத்தும்போது 'இடம்'னு ஒரு கட்டம் வரும். அதுல 'இந்தியா'ன்னு போட்டுட்டு நகராதீங்க. 'புதுச்சேரி'யும் போதாது. 'காரைக்கால்'னு போடுங்க, முடிஞ்சா கொம்யூன் வரைக்கும் போடுங்க: நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம். தனி ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு, ஆனா தண்ணி எங்கிருந்து வருதுன்னு தெரியற அளவுக்கு. தட்டச்சுல ஒரு நிமிஷ வேலை. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வரைபடம் போடும்போது அந்த ஒரு நிமிஷம்தான் வித்தியாசம்.

ரெண்டு, காரைக்கால்லயே ஜிப்மரோட வளாகம் இருக்கு. திருவேட்டக்குடியில என்.ஐ.டி. இருக்கு. சுத்துவட்டாரத்துல இன்னும் கல்லூரிகள் இருக்கு. டாக்டர்கள் மாதிரி எடுக்கட்டும், சிவில் பசங்க குடிதண்ணிக் குழாயும் சாக்கடையும் எங்க எங்க குறுக்கே போகுதுன்னு வரையட்டும், கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வைக்கட்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடி, நாகூரையும் சேர்த்துக்கணும். இல்லைன்னா மறுபடியும் பிரெஞ்சுக்காரன் கோட்டுக்குள்ளதான் நிப்போம். ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க: இது ஆர்வத்துல பிரெண்ட்ஸ்கிட்ட டப்பா நீட்டற வேலை இல்லை. நெறிமுறைக் குழு அனுமதியும், கொடுக்கிறவங்க எழுத்துப்பூர்வச் சம்மதமும் இல்லாம ஒரு மாதிரிகூட எடுக்கக் கூடாது.

மூணு, இது எல்லாருக்கும். ஒரு வரைபடத்தையோ, 'இந்தியர்களின் குடலில்'னு ஆரம்பிக்கிற செய்தியையோ பார்த்தா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க: எத்தனை பேர்? எந்த ஊர்? என்ன பிரைமர்? இந்த மூணும் சொல்லாத வரைபடம் வெறும் கலர் படம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை இன்னும் தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் கொடுக்கிறாங்க. 2022-க்கு அப்புறம் வந்த பழக்கம். ரூம்மேட் ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னேன். "எந்தத் தெரு குழாயில குடிச்சான்?"னு கேட்டாங்க.

நாடு, மாநிலம் எதையும் கேக்கலை. தெருவைக் கேட்டாங்க. ஆய்வுப் படிவத்துல அந்தக் கட்டத்தைத்தான் நாம சேர்க்கணும்.